நாலாம் இடத்திலிருந்து தொடங்கும் பட்டியல்

கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டே ரேடியோ கரோலைன் கேட்டதாகப் பெருமையடிக்கிற அறுபதுகளின் ஆசாமி யாரையாவது நீங்கள் சந்தித்தால், தயவுசெய்து சண்டைக்குப் போகாதீர்கள். அது நானாக இருக்கலாம்.

அந்தப் பொய்யை 1966இல் பங்சார் வட்டாரத்தில் அவிழ்த்துவிட்ட புண்ணியவான் அடியேன்தான். ரேடியோ கரோலைன் என்பது கப்பலில் நடந்த வானொலி. ஒரு கப்பல் இங்கிலாந்தின் எசெக்ஸ் கரைக்கு அப்பால் வடகடலில் நங்கூரம் போட்டிருந்தது, இன்னொன்று ஐரிஷ் கடலில் மேன் தீவுக்குப் பக்கத்தில். இரண்டும் மத்திய அலையில் ஒலிபரப்பின. காற்று நல்லபடியாக இருந்தால் ஹாலந்து வரை கேட்டிருக்கும். பாதி உலகத்தைச் சுற்றி வந்து பங்சார் ரோட்டோரத்து ரயில்வே குவாட்டர்ஸில், எங்கள் சமையலறைக்குப் பக்கத்து அறையில் வந்து பாட அதற்கு வழியே இல்லை. இது எனக்கு அப்போது தெரியாது. என்னைச் சுற்றி வாய்பிளந்து நின்ற பையன்களுக்கும் தெரியாது. என் பொய் ஓடியது முழுக்க அந்தச் சௌகரியத்தில்தான்.

பொய்க்கு மூலப்பொருள் கிடைத்தது கச்சாங் பூத்தே பொட்டலத்தில். பள்ளிக்கூட வாசலில் அண்ணன் ஒருவர் பலகைத் தட்டை இறக்கி வைத்து உட்கார்ந்திருப்பார். வறுகடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு எல்லாம் தனித்தனிக் குவியலாக இருக்கும். 5 காசைக் கொடுத்தால் பழைய தாளைக் கூம்பாகச் சுற்றி அதில் அள்ளிப் போட்டுத் தருவார். அந்தத் தாள்கள் எங்கிருந்து வருமோ, ஒருநாள் திருத்திய கணக்குப் பரீட்சை, மறுநாள் மலாய்ப் பத்திரிகை. ஒருநாள் எனக்கு வாய்த்தது, யாரோ வெள்ளைக்காரத் துரை வீட்டிலிருந்து எடைக்குப் போன லண்டன் பாட்டு வார இதழின் பக்கம். ஒரு புறம் கப்பல் வானொலிகளைப் பற்றிய செய்தி. மறுபுறம் அந்த வாரத்துப் பாட்டுகளின் தரவரிசை. கடலையைத் தின்று முடித்துத் தாளை நீவிப் பார்த்தால், எண்ணெய்க் கறைக்கு நடுவே 4 முதல் 17 வரை தெரிந்தது. முதல் மூன்று இடங்கள் இருந்த மூலையை அண்ணன் கிழித்து வேறு யாருக்கோ பொட்டலம் கட்டிவிட்டார்.

மறுநாள் வகுப்பில், "நேத்து ராத்திரி கப்பல் ரேடியோ கேட்டேன்" என்று ஆரம்பித்து, பதினேழிலிருந்து கீழே இறங்கி நாலு வரைக்கும் ஒப்பித்தேன். பையன்கள் மூச்சுவிடவில்லை. அங்கே நிறுத்தியிருந்தால் இன்றைக்கும் நான் மரியாதைக்குரியவன். ஒருவன் கேட்டான்: "முதல் இடம் யாருடா?"

"கிளிஃப் ரிச்சர்ட்" என்றேன். வேறு பெயர் வாயில் வரவில்லை.

கேட்டவனுடைய அக்கா இங்கிலாந்தில் தாதிப் பயிற்சியில் இருந்தாள். அந்தக் காலத்தில் நம் பெண்கள் நிறையப் பேர் அப்படிப் போனார்கள். அவன் அவளுக்கு ஏரோகிராம் போட்டுவிட்டான். பதில் வரச் சில வாரம் பிடித்தது, அதுவரை நான் வட்டாரத்தின் இசை அதிகாரி. பதில் வந்தது: "அந்த ரேடியோ எங்க ஆஸ்பத்திரி ஹாஸ்டல்லேயே கொரகொரன்னுதான் கேக்குது. உன் கூட்டாளி காதைக் கொஞ்சம் டாக்டரிடம் காட்டச் சொல்." கடிதத்தை அவன் வகுப்பில் உரக்க வாசித்தான். அத்தோடு என் பதவி போயிற்று.

வயதான பிறகு அந்தக் கப்பல்களின் கதையைத் தேடிப் படித்தேன். குற்ற உணர்ச்சி பாதியாகக் குறைந்துவிட்டது. ஏனென்றால் அவர்களுடைய முதல் இடமும் பல நேரம் என் கிளிஃப் ரிச்சர்ட் மாதிரிதான் பிறந்திருக்கிறது.

ரோனன் ஓ'ராஹிலி என்ற ஐரிஷ் இளைஞருக்குத் தன் பாடகர் ஜார்ஜி ஃபேமின் பாட்டை எங்கேயும் ஒலிபரப்ப வைக்க முடியவில்லை. பி.பி.சி.யில் இசைத்தட்டுகளைச் சுழலவிட நேர வரம்பு இருந்தது. லக்சம்பர்க்கிலிருந்து இரவில் வந்த வானொலியிலோ பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் நேரத்தை விலைக்கு வாங்கி வைத்திருந்தன. கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் பிரிட்டிஷ் சட்டம் பாயாது என்று கண்டுகொண்டவர், கப்பலை வாங்கி 1964 மார்ச் 28 அன்று கரோலைனைத் தொடங்கினார். அந்த வருஷக் கடைசியில், அமெரிக்கக் கடற்படையின் பழைய கண்ணிவாரிக் கப்பலில் ரேடியோ லண்டன் வந்தது. அவர்களுடைய புகழ்பெற்ற பட்டியலுக்குப் 'ஃபேப் 40' என்று பெயர். நாற்பது பாட்டு, வாராவாரம் ஏற்ற இறக்கம், அறிவிப்பாளருக்கு மூச்சு முட்டும். இவ்வளவுக்கும் அது கடை விற்பனையை எண்ணிப் போட்ட பட்டியல் இல்லை. நிலையத்தார் தாங்கள் ஒலிபரப்பப் போகிற தட்டுகளைத் தாங்களே அடுக்கி, தாங்களே எண் கொடுத்தார்கள். அங்கே மேலே இருந்தது சில வாரம் கழித்துக் கடையிலும் மேலே வந்தது. கேட்டவர்கள் "என்ன கணிப்பு!" என்றார்கள். நாள் முழுக்க அதையே காதில் ஊற்றினால் கணிப்பு பலிக்காமல் எங்கே போகும்?

கரோலைனின் கடைசிக் காலத்தில் அந்த வெட்கமும் போயிற்று. நிர்வாகத்துக்கு வந்த பிலிப் சாலமன் தன் சொந்த மேஜர் மைனர் கம்பெனியின் தட்டுகளை ஓயாமல் ஓட வைத்தார். அங்கே பாட்டு மேலே ஏறக் காசு வேலை செய்தது.

கரையில் இருந்த கணக்கப்பிள்ளைகள் மட்டும் ஒத்துப்போனார்களா? பீட்டில்ஸின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' 1963இல் இரண்டு பத்திரிகைகளில் முதல் இடம், இன்னொரு பத்திரிகையில் இரண்டாம் இடம். ஒரே நாடு, ஒரே கடைகள், ஒரே தட்டு. 1967இல் அதே பீட்டில்ஸின் 'பென்னி லேன்' தட்டை முதல் இடத்துக்கு வரவிடாமல் மறித்தவர் எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க். அவர் பிறந்த ஊர் சென்னை. இந்தத் தகவல் மட்டும் அன்றைக்கே தெரிந்திருந்தால் கிளிஃப் ரிச்சர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, "முதல் இடத்துல நம்ம மெட்ராஸ்காரருடா" என்று இன்னும் அழகாகப் பொய் சொல்லியிருப்பேன்.

நமக்கும் ஒரு வானொலிக் கப்பல் இருந்தது. இடம் பெயராத பெரிய கப்பல், பெயர் இலங்கை.

இந்தியாவில் 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார். சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஓய்ந்து சாஸ்திரிய சங்கீதம் ஓங்கியது. ஜனங்கள் கெட்டே தீருவது என்ற முடிவோடு முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். ரேடியோ சிலோன் தன் நாட்டுச் சட்டப்படி ஒழுங்கான அரசாங்க நிலையம். பாக் நீரிணையின் இந்தியக் கரையில் அது பார்த்ததோ கடத்தல்காரன் வேலை. பக்கத்து நாட்டில் நிறுத்தி வைத்த சரக்கை விளம்பரதாரர் செலவில் வான்வழியாக இறக்கியது.

எங்களுக்கு அது எட்டியதற்கு யுத்தம் காரணம். மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைப்பிரிவு, பர்மாவிலும் மலாயாவிலும் கிடந்த சிப்பாய்களுக்குப் பாட்டு கேட்பிக்கக் கொழும்புக்குப் பக்கத்தில் ஏகல என்ற ஊரில் 100 கிலோவாட் அலைபரப்பியை நிறுவியது. யுத்தம் முடிந்து 1949இல் அது ரேடியோ சிலோனின் கைக்கு வந்தது. சிப்பாய்களின் திசை நோக்கிக் கட்டிய கருவி, சிப்பாய்கள் போன பிறகு பங்சாரில் என்னைக் கெடுத்தது.

தமிழில் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல். விளம்பரத்தைக்கூட அவர் வாயால் கேட்டால், பொருள் வீட்டில் இருக்கிறதா என்று எழுந்து பார்க்கத் தோன்றும். இந்தியில் பம்பாயிலிருந்து அமீன் சயானி. அவருடைய 'பினாகா கீத்மாலா' 1952 டிசம்பரில் தொடங்கியது. பம்பாயில் பதிவு செய்து ஒலிநாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து அது இந்தியாவுக்கே திரும்பிப் போய்ப் பாடும். ஆரம்பத்தில் ஏழு பாட்டுகளைப் போட்டு, எது எந்த வரிசையில் வரும் என்று நேயர்களைக் கேட்டார்கள். முதல் வாரத்திலேயே 9,000 கடிதம் வந்ததாகச் சயானி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு அது முறையான தரவரிசையானது. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையோடு நேயர் மன்றங்களின் வாக்கையும் சேர்த்துக்கொண்டார்கள். தமிழ் வர்த்தக சேவைக்கும் பின்னாளில் 'இசைத்தேர்தல்' வந்தது. அரசியல் தேர்தலைவிட அதற்கு நாங்கள் அதிகம் கவலைப்பட்டோம்.

கீத்மாலா வந்தது புதன்கிழமை இரவு 8 மணிக்கு. கொழும்பில் 8 மணி என்றால் அப்போதைய எங்கள் நேரப்படி இரவு 10. அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், விடியற்காலை ஷிஃப்ட். வீட்டில் 9 மணிக்கே விளக்கணைந்துவிடும். அதற்குமேல் ரேடியோவைத் தொட்டால் தோலை உரித்துவிடுவார்.

ரேடியோ பழைய வால்வு பெட்டி. திருகினால் உடனே பேசாது, சூடேறும்வரை கனைக்கும். முகப்பில் பச்சைக் கண் ஒன்று, நிலையம் சரியாகச் சிக்கினால் அதன் நிழல் சுருங்கும். இருட்டில் அந்த வெளிச்சம் சுவரெல்லாம் பரவிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அப்பாவின் துண்டை எடுத்துப் பெட்டியின் மேல் போர்த்தினேன். காதைத் துணியோடு ஒட்டிக்கொண்டால் சயானி மட்டும் கேட்பார். ஒலி கடல் தாண்டி வருவதால் ஏறும், இறங்கும், சில சமயம் பாட்டின் நடுவே சீனச் செய்தி புகுந்து போகும். எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. படத்தின் பெயரை மட்டும் காதில் விழுந்தபடி தமிழில் கிறுக்கிக்கொள்வேன். அப்படிப் பிறந்த படங்களில் பலவற்றை இந்திக்காரர்கள் இன்றுவரை எடுக்கவில்லை.

ஜன்னலிலிருந்து பின்புறத்துக் கொய்யா மரம் வரை செப்புக் கம்பி இழுத்து ஏரியல் கட்டியிருந்தேன். அம்மா அதில் துணி காயப்போட்டார்.

"எம்மா, அது ஏரியல்மா!"

"ஏரியலோ பூரியலோ, வெயில் அங்கதான்டா அடிக்குது."

ஈரக் கைலிகள் தொங்கித் தொங்கிக் கம்பி தரையைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டது. நான் இலங்கையைத் தேடியபோதெல்லாம் அம்மா எடுக்க மறந்த துணி நடுவில் நின்றது.

ஒரு புதன்கிழமை, துண்டு கருகியது. வால்வு சூட்டில் பின்பக்கம் புகையவே ஆரம்பித்துவிட்டது. "என்னாடா தீயிற வாடை?" என்று அப்பா எழுந்து வந்தார். உரிக்கப்போகிறார் என்று தோலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் துண்டை எடுத்து ஓட்டையின் வழியாக என்னைப் பார்த்தார். பிறகு, அடிக்க வந்த கையால் ஒலியைக் கொஞ்சம் கூட்டினார். அரைமணி நேரம் ரெண்டு பேரும் ஒன்றும் புரியாமல் கேட்டோம்.

"கடைசியில யாருடா ஜெயிச்சது?"

"முகமது ரஃபிப்பா."

எனக்குத் தெரிந்த இந்திப் பாடகர் பெயர் அது ஒன்றுதான். அதற்குப்பிறகு எந்தப் புதன்கிழமை கேட்டாலும் ரஃபி என்றே சொன்னேன். 1966இல் வருஷத்தின் முதல் பாட்டாக 'சூரஜ்' படத்துப் பாட்டு வந்தது. பாடியவர் நிஜமாகவே ரஃபி. அப்பா என்னை இந்தி தெரிந்தவன் என்று ரயில்வே கூட்டாளிகளிடம் சொல்லத் தொடங்கினார். அதன் விளைவாக, வேலைத்தலத்துக்கு வந்த வட இந்தியர் ஒருவரிடம் மொழிபெயர்க்க என்னை அழைத்துப் போனதையும், நான் அவரிடம் சில படங்களின் பெயரைச் சொல்லிவிட்டு நின்றதையும் இங்கே விரித்துச் சொல்லப்போவதில்லை.

பட்டியல் ஆசை இப்படியெல்லாம் அடிபட்டும் அடங்கவில்லை. அடுத்து நானே ஒன்று வெளியிட்டேன். குவாட்டர்ஸுக்குப் பக்கத்தில் முடிவெட்டும் கடை. கண்ணாடிக்கு அருகே ஓர் அட்டையை மாட்டக் கடைக்கார அண்ணன் சம்மதித்தார். 'இந்த வாரப் பத்து' என்று கலர் பென்சிலில் எழுதி, வாரம் தவறாமல் மாற்றினேன். மூலங்கள்: எங்கள் ரேடியோ, பக்கத்து வீட்டு ரேடியோ, மஸ்ஜித் இந்தியா பக்கத்துக் கடைகளில் எந்தத் தட்டு ஓடுகிறது என்று நடந்துபோகும்போது காதில் விழுவது. ஆய்வுமுறை ஃபேப் 40ஐவிட மோசமில்லை.

ஆனால் அந்தக் கடையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் எம்.ஜி.ஆர். கட்சி உட்காரும், மற்றதில் சிவாஜி கட்சி. 'எங்க வீட்டுப் பிள்ளை'யும் 'திருவிளையாட'லும் ஒரே வருஷத்தில் வந்து, அடுத்து 'அன்பே வா'வும் சேர்ந்துகொண்ட காலம் அது. எந்தப் பாட்டு மேலே என்பது பாட்டைப் பற்றிய கேள்வியாக இல்லை. முதல் வாரம் எம்.ஜி.ஆர். பாட்டு முதலில். சிவாஜி கட்சி இளைஞர் ஒருவர் என்னை வெளியே அழைத்து, ஐஸ் உருண்டை வாங்கித் தந்தார். சிவப்புப் பாகு ஊற்றியது, பற்கள் கூசக் கூசத் தின்றேன். அடுத்த வாரம் சிவாஜி பாட்டு முதலில். எம்.ஜி.ஆர். கட்சி அதே வண்டிக்காரரிடம் அதே உருண்டை வாங்கித் தந்தது, கூடவே சர்பத்தும். அதற்கடுத்த வாரம் பட்டியல் மறுபடி குப்புற விழுந்தது.

அமெரிக்காவில் ஆலன் ஃப்ரீட் என்ற பெரிய அறிவிப்பாளர், காசு வாங்கிக்கொண்டு பாட்டு போட்ட வழக்கில் 1962இல் 300 டாலர் அபராதம் கட்டினார், தொழிலும் போயிற்று. அவர் தொகை எவ்வளவு, என் தொகை 5 காசு. விலைபோனதில் எனக்கு அவமானம் இல்லை, இவ்வளவு மலிவாகப் போனதில்தான்.

இரண்டு பக்கத்து ஐஸும் ஒரே வாரத்தில் வந்துவிட்டபோது, இரண்டு பாட்டுக்கும் முதல் இடம் கொடுத்தேன். அன்று மாலை கடையில் சத்தம். அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உன் லிஸ்ட்டப் பாத்துட்டு அந்தப் பக்கமும் வரல, இந்தப் பக்கமும் வரல. எனக்கு எந்தத் தலை மேலன்றது முக்கியமில்ல, தலை வந்தாப் போதும்." அட்டையைத் திருப்பி, 'திங்கள் கடை விடுமுறை' என்று எழுதி அதே ஆணியில் மாட்டினார். என் எல்லாப் பட்டியல்களையும்விட அது நீண்டநாள் நீடித்தது.

சரி, பட்டியல் போடத்தான் தெரியவில்லை, பட்டியலில் பாட்டை ஏற்றவாவது முடியுமா என்று பார்த்தேன். வானொலி நிகழ்ச்சி ஒன்று நேயர்களிடம் விருப்பப் பாடல் கேட்டு அஞ்சலட்டை வாங்கியது. நிறையப் பேர் கேட்ட பாட்டு நிச்சயம் வரும் என்று நம்பினேன். ஆகவே நிறையப் பேர் ஆனேன். இடது கையால் எழுதினேன், சாய்த்து எழுதினேன், எழுத்துப்பிழை சேர்த்தேன். எல்லாம் ஒரே பச்சை மையில். பெயர்கள் தீர்ந்துபோய், குடும்பத்தில் கைவைத்தேன்: தாய்மாமன், சித்தி, ஊரில் எப்போதோ காலமான அப்பாவின் அம்மா. கேட்ட பாட்டு பாட்டிமார் கேட்கக்கூடிய வகை அல்ல, இரவு விடுதி ஆட்டப் பாட்டு.

ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது ரேடியோ பெயர்களை ஒரே மூச்சில் வாசித்தது. எல்லாருக்கும் முகவரி பங்சார். தோசையை எடுத்த அப்பாவின் கை பாதியில் நின்றது.

"நம்ம ஆத்தா பேரு மாதிரி இருக்கே?"

"வேற ஆத்தாவா இருக்கும்பா."

அப்பா யோசித்தார். "இருக்கும். எங்காத்தா செத்து இருபது வருஷம் ஆச்சு, பாட்டு கேக்க இப்பதான் நேரம் கெடைச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரிந்துவிட்டது என்று. அந்தப் பச்சை மைப் பேனாவை மறுநாளிலிருந்து அவர் சட்டைப் பையில் பார்த்தேன்.

இதற்கிடையில் கப்பல்காரர்களின் காலமும் முடிந்தது. 1967 ஆகஸ்டில் பிரிட்டனின் கடல்சார் ஒலிபரப்புக் குற்றச் சட்டம் அமலுக்கு வந்தது. கப்பலுக்கு விளம்பரமோ சாப்பாடோ கொடுத்தால்கூடக் குற்றம். ரேடியோ லண்டன் ஆகஸ்ட் 14 அன்று மூடிக்கொண்டது, கரோலைன் 1968 மார்ச் வரை தாக்குப்பிடித்தது. அதற்குள், 1967 செப்டம்பர் 30 அன்று, பி.பி.சி. 'ரேடியோ ஒன்'னைத் தொடங்கியது. முதல் தட்டைச் சுழலவிட்டவர் டோனி பிளாக்பர்ன், இரண்டு கப்பலிலும் வேலை பார்த்த ஆள். விரட்டியவனே வேலைக்கு வைத்துக்கொண்டான். இந்தியாவிலும் இதே சங்கதி. சினிமாப் பாட்டை விரட்டிய வானொலி 1957இல் அதற்கென்றே 'விவித் பாரதி'யைத் தொடங்கிற்று, 1967இல் அதில் விளம்பரமும் வந்தது. கள்ளனைப் பிடிக்கக் கள்ளனின் கடைக்கு எதிரே அதே சரக்கோடு கடை போடுவதுதான் அரசாங்கங்களுக்குத் தெரிந்த வழி.

அப்படியென்றால் என்னையும் யாராவது வேலைக்கு வைத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன். அறுபதுகளின் கடைசியில் பங்சாருக்குப் பக்கத்துக் குன்றிலேயே வானொலித் தலைமையகமான அங்காசாபுரி எழும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடம் உயர உயர என் தலைக்கனமும் உயர்ந்தது. சில வருஷம் கழித்து ஓர் இடத்தில் அறிவிப்பாளர் தேர்வுக்குப் போனேன். எந்த இடம் என்பது வேண்டாம், பாவம் அவர்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து, தாளில் இருந்த செய்தியை அப்படியே மயில்வாகனத்தின் குரலில், அவருடைய ஏற்ற இறக்கத்தோடு, விலைவாசிச் செய்தியை விளம்பரமாக மாற்றிப் படித்தேன். முடித்துவிட்டுக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தேன். பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார், கோபமில்லை.

"தம்பி, இந்தக் குரல் ஏற்கெனவே கொழும்புல இருக்கு. உங்க குரல் எங்க?"

தேடிப் பார்த்தேன். அந்த நேரத்தில் கிடைக்கவில்லை. குமாஸ்தாவானேன். ஓய்வு பெறும்வரை கூட்டக் குறிப்புகள் எழுதினேன். அதற்குக் குரல் தேவையில்லை, கருத்தும் தேவையில்லை. இரண்டும் இல்லாத எனக்கு நல்ல பெயர் கிடைத்தது.

இப்போது பங்சாரில் ரப்பர் தோட்டம் இருந்தது என்று சொன்னால் தெலாவி தெருக் கோப்பிக்கடைப் பிள்ளைகள் நம்புவதில்லை. பட்டியல்கள் மட்டும் பெருகிவிட்டன. பேரப்பிள்ளை என் போனில் பாட்டு ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். வருஷக் கடைசியில் அது, 'நீங்கள் அதிகம் கேட்டவை' என்று தானாகவே பட்டியல் நீட்டியது. திறந்தால் முதல் இடத்தில் கந்த சஷ்டி கவசம், இரண்டில் சுப்ரபாதம், மூன்றில் தூங்காத குழந்தைக்கான மழைச் சத்தம். முதல் இரண்டும் வீட்டுக்காரி காலையில் என் போனில் போடுவது. மூன்றாவது எனக்கு. கூட்டாளிகளின் வாட்சாப் குழுவில் ஆளாளுக்கு விஸ்வநாதன்-ராமமூர்த்தி, கே.வி. மகாதேவன் என்று தத்தம் பட்டியலைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். மழைச் சத்தத்தை அங்கே எப்படிப் போடுவது? அடுத்த வருஷத்துக்காக, இரவில் ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, கௌரவமான பழைய பாட்டுகளை விடிய விடிய ஓடவிட்டேன். போன் சூடாகி மின்கலம் உப்பிவிட்டது. துண்டு போர்த்தவில்லை, அதுவரை முன்னேற்றம்.

போன வருஷம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் ஓய்வுபெற்றவர்கள் நாங்கள் கூடி, அறுபதுகளின் சிறந்த பாட்டுக்கு வாக்கெடுத்தோம். சீட்டு எண்ணும் பொறுப்பு எனக்கு வந்தது. பார்பர் கடைச் சங்கதி தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்று நினைக்கிறேன்.

எனக்கென்று ஒரு பாட்டு உண்டு. ஓடாத படத்தில் வந்தது. பெரிய பேர் யாரும் திரையில் வாயசைக்காதது. ரேடியோவில் எப்போதாவது பின்னிரவில் தவறிப்போய் ஒலிக்கும். இந்த வயது வரை அதை யாரிடமும் பிடிக்கும் என்று சொன்னதில்லை. என் சீட்டைக் கடைசியில் எழுதலாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றை எண்ணினேன். அந்தப் பாட்டுக்கு ஒன்றுமே இல்லை. மேலே இரண்டு பாட்டுகள் சமமாக நின்றன. ஒன்று எம்.ஜி.ஆர்., ஒன்று சிவாஜி, வேறென்ன. ஒற்றை வாக்கோடு என் பாட்டைப் பலகையில் எழுதினால், யார் இந்த ஆள் என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும். என் சீட்டில் மேலே நின்ற இரண்டில் ஒன்றை எழுதிப் போட்டேன். அது ஜெயித்தது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டுக்குத் திரும்புகிற காடியில் வீட்டுக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். அந்த ஓடாத படத்தின் பெயரைச் சொன்னாள். "அதுக்கு ஒரு ஓட்டுகூடவா விழல?"

"நீ அதுக்குத்தான் போட்டியா?"

"நான் எங்க போட்டேன்? யாரும் போட மாட்டாங்கன்னு ஜெயிக்கிறதுக்குப் போட்டேன். நீங்களாச்சும் போட்டிருக்கலாமில்ல, எண்ணுனது நீங்கதானே?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் திருட்டு ஓட்டுப் போடச் சொன்னது இதுவே முதல் முறை. இந்த வருஷமும் எண்ணும் பொறுப்பு எனக்கே என்று குழுவில் முடிவாகியிருக்கிறது. என் நேர்மையில் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்தப் பாட்டுக்கு எப்படியும் இரண்டு ஓட்டு விழும். மூன்றாவதுக்கு, ஐஸ் உருண்டை இப்போது என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.